கழித்துப் பெறும் மெருகு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பீட்டர்பரோ என்றொரு நகரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கனூ என்னும் துடுப்புப் படகுகளைக் கட்டிப் பேர் வாங்கிய அந்த ஊரைச் சுற்றிலும், அங்கே மட்டுமென்ன, ஏரிகளும் நதிகளும் நிறைந்த அந்தத் தேசத்தின் பிற பாகங்களிலும், பக்கத்து அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், பகலெல்லாம் ஆபீசிலோ பள்ளிக்கூடத்திலோ உத்தியோகம் பார்க்கிற சாமானிய மனிதர்கள், மோட்டார் காரை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, அதற்கென்று கட்டிய கொட்டகையைப் பட்டறையாக மாற்றிக்கொண்டு, சொந்தக் கையால் ஒரு மரப்படகு கட்டி முடிப்பதைப் பெரும் பேறாகக் கருதி உழைக்கிறார்கள். டெட் மூர்ஸ் என்பவரின் ‘கனூகிராஃப்ட்’ என்ற நூல் 1983-இல் வெளிவந்ததிலிருந்து, இவர்களில் பலருக்கு அதுவே பாடபுத்தகம்.

கட்டும் முறை கேட்பதற்குச் சுலபமாகவே இருக்கும். படகின் குறுக்குவெட்டு வடிவத்துக்கு அறுத்த பலகை அச்சுகளை ஓரடிக்கு ஒன்றாக வரிசையில் நிறுத்தி, கால் அங்குலக் கனமும் முக்கால் அங்குல அகலமும் கொண்ட சிடார் மர ரீப்பர்களை அவற்றின்மேல் ஒன்றையொட்டி ஒன்றாக வளைத்து, விளிம்புகளில் பசை தடவி, பசை காயும்வரை நழுவாதிருக்க ஸ்டேப்ளர் பின்களால் அச்சோடு அறைந்துகொண்டே போகிறார்கள். காய்ந்தபின் பின்களைப் பிடுங்கி, மேடு பள்ளங்களை இழைப்புளியால் சீவி, உள்ளும் புறமும் மெல்லிய கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி, எபாக்சி என்னும் பிசினால் அந்தத் துணியை மரத்தோடு ஒன்றாக்கிவிடுகிறார்கள். வங்குக்கால் என்னும் விலாச்சட்டங்கள் கிடையாது, இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலையும் கிடையாது. 16 அடி நீளப் படகு ஏறக்குறைய 25 கிலோ எடைதான் இருக்கும். தோளில் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு ஒருவனே நடந்துவிடலாம்.

இத்தனையும் செய்து முடித்தவனுக்கு, சிடாரின் செம்பழுப்பு ரேகைகள் ஆழத்திலிருந்து தெரிய, மேற்பரப்பு தெளிந்த நீர்போல் ஒரே சீராக மின்ன வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைதான் அவனைக் கெடுக்கிறது. பிசின் டப்பாவைத் திறந்ததும் உள்ளே ஏற்கனவே தயாராக மின்னிக்கொண்டிருக்கும் அந்தத் திரவத்தைப் பார்த்து, இதை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் குறையெல்லாம் மூடிப்போகும், தானே பரவித் தானே மட்டமாகிவிடும் என்று நம்பிவிடுகிறான். படகு மேசைப் பலகை இல்லை. அதன் மேனியில் மட்டமான இடம் ஒரு சாண்கூடக் கிடையாது. ஊற்றியது சரிவில் இறங்கி, வழிசலாகவும் தொங்கலாகவும் உறைந்து நிற்கும். இந்த வேலையில் கைதேர்ந்தவர்களைக் கவனித்தால், அவர்களுடைய நேரமெல்லாம் பிசினைச் சேர்ப்பதில் போகாமல் அதை எடுப்பதிலேயே போவதைக் காணலாம். தகட்டால் வழித்தெடுக்கிறார்கள், தண்ணீரால் கழுவியெடுக்கிறார்கள், உப்புத்தாளால் தேய்த்தெடுக்கிறார்கள். கடைசியில் எஞ்சி நிற்பதைத்தான் நாம் மெருகு என்று வியக்கிறோம்.

எபாக்சி நமக்கு அந்நியப் பொருள் அன்று. உடைந்த பீங்கான் கோப்பையை ஒட்டுவதற்கு இரண்டு சின்னக் குழாய்களிலிருந்து சமமாகப் பிதுக்கிக் குழைக்கிறோமே, அந்த அரால்டைட் இந்த வமிசத்தைச் சேர்ந்ததுதான். ஸ்விட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்ற ரசாயன விஞ்ஞானி 1930-களில் செய்த ஆராய்ச்சியின் பலனாகப் பிறந்து, சீபா கம்பெனியாரால் 1946-இல் அந்தப் பெயரோடு சந்தைக்கு வந்தது. பிசின் ஒன்று, அதை இறுகச் செய்யும் ஹார்டனர் ஒன்று. இரண்டும் கலந்த கணத்திலிருந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னிக்கொள்ளத் தொடங்குகின்றன. பெயின்டைப்போல் ஏதோ ஆவியாகிப் போய் மீதி காய்கிற விவகாரம் இது இல்லை. ஊற்றியதெல்லாம் அப்படியே திடப்பொருளாகிவிடுகிறது. இதைப் படகு கட்டுவோர் உலகத்தில் நிலைநாட்டியவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பே சிட்டி நகரத்து கூஜன் சகோதரர்கள். உறைந்த ஏரியின்மேல் பாய் விரித்து ஓடும் பனிப்படகுகளைக் கட்டிப் பழகிய அவர்கள், 1969-இல் தங்கள் தொழிலகத்தை நிறுவி, மறு ஆண்டிலேயே ‘அடாஜியோ’ என்ற முக்கூட்டுப் படகை ஆணியை நம்பாமல் எபாக்சியை மட்டும் நம்பி நீரில் இறக்கினார்கள். 1979-இல் அவர்கள் வெளியிட்ட படகு கட்டுமான நூல் இன்றும் பட்டறைகளில் புரட்டப்படுகிறது.

நம் கடற்கரைகளில் ஓடும் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினில் வார்த்தவை. அது விலை மலிவு. அச்சில் வார்ப்பதற்கு ஏற்றது. ஆனால் மரத்தை அவ்வளவு உறுதியாகப் பற்றாது. ஈரம் புகுவதையும் எபாக்சி அளவுக்குத் தடுக்காது. இன்னொரு பேதமும் உண்டு. பாலியெஸ்டரில் இறுகுவதற்கான மருந்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஊற்றி வேகத்தைத் தம் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எபாக்சியில் அந்தச் சலுகை கிடையாது. தயாரிப்பாளர் ஐந்துக்கு ஒன்று என்றால் ஐந்துக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்றால் மூன்றுக்கு ஒன்று. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை மிகுதியாக ஊற்றினவனுக்கு, என்றைக்கும் முழுசாக இறுகாத மெத்தென்ற பூச்சுதான் கிடைக்கும். வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்டனரையே வாங்க வேண்டும்.

மெருகின் பூர்வாங்கம் மரத்திலேயே தொடங்கிவிடுகிறது. எபாக்சி ஒளிவுமறைவு அறியாத பொருள். பென்சில் கோடு, பசைக் கறை, உப்புத்தாளின் குறுக்குக் கீறல் எல்லாவற்றையும் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்ததுபோல் எடுத்துக் காட்டிவிடும். ஆகையால் துணி போர்த்துவதற்கு முன் மரத்தை 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120 வரையில் இழைவாட்டத்திலேயே தேய்க்கிறார்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைக்கிறார்கள். நசுங்கிய இடங்கள் உப்பி எழும், படுத்திருந்த நார்கள் சிலிர்த்து நிற்கும், பார்வைக்குத் தப்பியிருந்த பசைக் கறைகள் வெளிறித் தெரியும். காய்ந்ததும் மறுபடி ஒரு தேய்ப்பு. அதன்பின் விளக்கைத் தாழ்வாக வைத்து, ஒளி மரத்தின்மேல் சாய்ந்து விழும்படி செய்து, படகைச் சுற்றி நிதானமாக ஒரு பிரதட்சிணம் வந்தால், உச்சி விளக்கில் காணாத அலைகளெல்லாம் நிழல் கட்டி நிற்கும். அவற்றைச் சீவித் தள்ளுவதற்கு அதுவே கடைசிச் சந்தர்ப்பம். சிடார் மெத்தென்ற மரம், எபாக்சியோ கெட்டி. இன்றைக்கு இழைப்புளியின் இரண்டு இழுப்பில் போகிற மேடு, நாளைக்குப் பிசின் ஏறிய பிறகு அரைநாள் தேய்த்தாலும் போகாது.

துணியை விரிப்பதற்கு முன் மரத்துக்கு ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்து இறுகவிடலாமா, நேரடியாகவே துணியைப் போட்டு நனைக்கலாமா என்பதில் கட்டுவோருக்குள் நெடுநாளாகவே இரண்டு கட்சி. முன்பூச்சு வைத்தால் ஒரு நாள் கூடுதலாகிறது. இறுகிய பூச்சில் எழுந்த சொரசொரப்பைத் தேய்த்தாக வேண்டும். தேய்க்காவிட்டால் துணி அதில் மாட்டிக்கொள்ளும். ஆயினும் முதன்முதலாகக் கட்டுகிறவன் முன்பூச்சு வைப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். சிடார் தாகமுள்ள மரம். பூச்சில்லாத இடத்தில் துணியிலுள்ள பிசினை அது உறிஞ்சிக்கொண்டுவிட, துணி வறண்டு வெண்திட்டாக நின்றுபோவதைப் பார்க்கலாம். இறுகிப்போன பிறகு அதற்குப் பரிகாரம் வெட்டியெடுத்து ஒட்டுப்போடுவதுதான்.

துணி நனையும் காட்சி ரசிக்கத்தக்கது. சதுர கஜத்துக்கு 6 அவுன்ஸ் எடையுள்ள வெள்ளைத் துணி, சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிடப்பட்டு, கவிழ்ந்து கிடக்கும் படகின்மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏரா எனப்படும் அடிமரத்தின் நடுவில் ஒரு சிறு குட்டையாகப் பிசினை ஊற்றி, பட்டி பார்க்கிற தகடு போன்ற நெகிழ்வான பிளாஸ்டிக் தகட்டால் மெள்ளக் கீழ்நோக்கித் தள்ளினால், தகடு போகிற வழியெல்லாம் வெள்ளை மறைந்து மரத்தின் நிறம் பொங்கி வருகிறது. இரண்டு நிமிஷத்துக்கு முன் துணி இருந்த இடத்தில் இப்போது துணியே இல்லை என்று தோன்றும். இங்கே நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, இன்னொரு தரம் அழுத்தி இழுக்க வேண்டும். அப்போது நுரைத்த, வெளிறிய மிகைப்பிசின் தகட்டின் முன்னால் திரண்டு வரும்; அதைக் கையிலுள்ள பழைய டப்பாவில் வழித்துப் போட்டுவிட வேண்டியதுதான், மறுபடி படகில் தடவக்கூடாது. மிகைப்பிசின் நின்றால் துணி அதில் மிதக்கும். மிதந்த இடம் மேடாகும். மேட்டைத் தேய்க்கும்போது முதலில் அறுபடுவது துணியே. சரியாக வழித்த பரப்பு பளபளக்காது. ஒவ்வொரு இழையும் தெரிய, மங்கலாக, ஈரமில்லாததுபோல் இருக்கும். பார்க்கிறவனுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் லட்சணம் அதுவே.

கலந்த பிசினை உயரமான டம்ளரில் வைத்துக்கொண்டு பேச்சில் லயித்துவிடுவது அபாயம். இறுகும்போது உஷ்ணம் பிறக்கிறது. உஷ்ணம் இறுகுவதைத் துரிதப்படுத்துகிறது. திரண்டு நிற்கும் பிசினில் இது ஒன்றையொன்று தூண்டிக் கடைசியில் டம்ளரே இளகிப் புகையும். அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் சூடு கலைந்து, வேலைக்கு அவகாசம் கிடைக்கும்.

நெசவை நிரப்பும் பூச்சுகள் அடுத்து வருகின்றன. முதல் பூச்சு ஓடாமல் நின்று, ஆனால் பெருவிரலை வைத்தால் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே அடுத்ததை உருட்டிவிட்டால், இரண்டும் ரசாயன ரீதியாகவே ஒன்றாகிவிடும். நடுவில் கழுவவும் தேய்க்கவும் வேண்டாம். ஸ்பாஞ்சு ரோலரால் மெல்லியதாக உருட்டி, ரோலர் எழுப்பிய குமிழிகளை ஸ்பாஞ்சுப் பிரஷின் நுனியால் ஒரே திசையில் இலேசாக நீவிவிட வேண்டும். இரண்டு பூச்சில் நெசவு முழுகும். மூன்றாவது உப்புத்தாளுக்கு இரையாகப் போடுவது. வேலை முடிந்ததென்று விளக்கை அணைத்துவிட்டுப் போகாமல் கால் மணிக்கு ஒருதரம் வந்து பார்க்கிறவன், அணியம் என்னும் முன்முனையின் செங்குத்தான பக்கங்களில் இறங்கத் தொடங்கும் வழிசல்களை ஈரமாக இருக்கும்போதே பிரஷால் துடைத்துவிடுவான்.

குமிழிகளில் ஒரு வகை ரோலரின் குற்றமில்லாமல் மரத்திலிருந்தே வருகிறது. ஸ்டேப்ளர் பின் பிடுங்கிய துளைகளிலும் ரீப்பர்களின் இடுக்குகளிலும் காற்று குடியிருக்கிறது. கொட்டகை சூடேறச் சூடேற அந்தக் காற்று விரிந்து, இறுகிக்கொண்டிருக்கும் பிசினைத் துளைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளைக்கும் ஒன்றாகக் குண்டூசித் தலையளவு கொப்புளம் கிளப்பும். காலையில் வெயில் ஏறும் நேரத்தில் பூசினவன் படகில் வரிவரியாக இந்தக் கொப்புளங்களைக் காண்பான். கொட்டகையை முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்து, பிற்பகலில் உஷ்ணம் இறங்கத் தொடங்கும் வேளையில் பூசினால், துளையிலுள்ள காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே பிசின், ஒரே கை. கடிகாரம் மட்டும் வேறு.

உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. குளிரில் பிசின் தடித்து, குமிழியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அதை இளக்குவதற்காகத் தின்னரை ஊற்றுவது தவறான சிக்கனம். தின்னரின் எச்சம் உள்ளே சிக்கிப் பூச்சைப் பலவீனமாக்கும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சற்று நேரம் நிறுத்தி வைத்தாலே போதும்.

இறுகிய மறுநாள் மேற்பரப்பைத் தொட்டால், மெழுகு தடவினாற்போல ஒரு வழுக்கல் இருக்கலாம். ஹார்டனரிலுள்ள அமீன்கள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. குளிரும் ஈரமும் மிகுந்த நாளில் அதிகமாகப் படியும். இந்த விஷயம் தெரியாமல் நேரே உப்புத்தாளை எடுக்கிறவர்களே பாதிப்பேர். தாள் அடைத்துக்கொள்ளும், மெழுகு கீறல்களுக்குள் தேய்க்கப்பட்டு, அதன்மேல் வரும் வார்னிஷ் பிடிக்காமல் உரியும், அல்லது மீன்கண் மீன்கண்ணாகச் சுருங்கி விலகும். இவ்வளவு தொல்லைக்கும் மருந்து பச்சைத் தண்ணீர். பாத்திரம் துலக்கும் பச்சை நார்ப்பட்டையைத் தண்ணீரில் தோய்த்துப் பரப்பு முழுவதும் தேய்த்து, ஈரம் தானாகக் காய்வதற்குள் சுத்தமான துணியால் ஒற்றியெடுத்துவிட்டால் படலம் போய்விடும். அந்தப் படலம் கரைவது நீரில்தான் என்பதால், விலையுயர்ந்த தின்னரால் துடைப்பது அதை இடம் மாற்றுமே தவிர எடுக்காது.

பிறகு தேய்ப்பு. அவசரமில்லாதவன் சில நாள், முடிந்தால் ஒரு வாரம் காத்திருப்பான். பதம் வந்ததை உப்புத்தாளே சொல்லும்: வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் தேய்க்கலாம், தாளில் உருண்டை உருண்டையாகத் திரண்டால் இன்னும் இறுகவில்லை. வழவழப்பு வேறு, சீர்மை வேறு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒரு பரப்பு கை வழுக்கும்படி வழவழப்பாக இருந்துகொண்டே மேடும் பள்ளமுமாக அலையலாம். பளபளப்பு ஏற ஏற அந்த அலைச்சல் அதிகமாகத்தான் தெரியும். விரல்நுனியால் ஓரிடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் வழவழப்பு வரும், சீர்மை போகும். ஆகவே சற்று வளையக்கூடிய இரண்டடி நீளப் பலகையில் 80 நம்பர் தாளை ஒட்டிக்கொண்டு, படகின் நீளவாட்டத்துக்குச் சாய்வாக, முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம் என்று குறுக்கு மறுக்காகத் தள்ளுகிறார்கள். நீளப்பலகை மேட்டை மட்டுமே தொடும். பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும்.

பள்ளத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. படகு முழுவதும் பென்சிலால் குழந்தை கிறுக்குவதுபோல் கிறுக்கிவிட்டுத் தேய்க்கத் தொடங்கினால், மேடுகளில் கிறுக்கல் முதலில் அழியும். பள்ளங்களில் மட்டும் தங்கி நிற்கும். தேய்த்த இடம் மங்கிப்போக, தாள் படாத பள்ளம் ஈரத்துளிபோல் மினுங்கிக்கொண்டும் இருக்கும். ஆழமில்லாத மினுக்கம் இன்னும் நாலு தேய்ப்பில் போய்விடும். ஆழமானதை விரட்டிக்கொண்டு போனால் சுற்றுப்புறத்தில் துணி வெளிப்பட்டுவிடும். தேய்த்த பரப்பில் பாவும் ஊடும் கட்டம் கட்டமாகத் தலைகாட்டினால் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். அப்படிப்பட்ட பள்ளத்தில் கொஞ்சம் பிசினைத் தடவி, இறுகவிட்டு, பிறகு தேய்ப்பதே முறை. 80-க்குப்பின் 120, அதற்குப்பின் 220. ஒரு நம்பரின் கீறல்கள் முற்றும் மறையாமல் அடுத்த நம்பருக்குத் தாவினவனை, வார்னிஷ் அடித்த அன்று அந்தக் கீறல்கள் வரிசையாக வந்து விசாரிக்கும். சீர்மையை அறிவதில் கண்ணைவிட உள்ளங்கை கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு, துணிக்கையுறைக்குள்ளிருந்து நீள நெடுகத் தடவினால், விளக்குக்கும் அகப்படாத அலை கைக்கு அகப்படும்.

பெயின்ட் அடிக்கப்போகிற படகுக்கு ஒரு சலுகை உண்டு. மரம் தெரியப்போவதில்லையாதலால், நுண்ணிய பொள்ளல் உருண்டைகளாலான மைக்ரோபலூன் என்ற தூளை எபாக்சியில் குழைத்துப் பட்டி பார்த்துவிடலாம். இதற்குச் சிலிக்காத் தூளைப் போடுகிறவர் வருந்துவார். அது சுற்றியுள்ள பரப்பைவிடக் கெட்டியாக இறுகுவதால், பக்கத்திலுள்ளது தேய்ந்து பட்டி மட்டும் மேடாக நிற்கும். அடர்ந்த நிறங்கள் குறையைப் பறைசாற்றும். வெள்ளை பெருந்தன்மையோடு மன்னிக்கும்.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எபாக்சி, அதிலும் முக்கியமாக ஹார்டனர், தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டானால், பிறகு சொட்டுப் பட்டாலும் சிவந்து அரிக்கும், தொழிலையே விடவேண்டி வரும். கையுறை கட்டாயம். தோலில் பட்டதைத் தின்னரால் துடைத்தால் அது இன்னும் உள்ளே இறங்கும்; சோப்பும் தண்ணீருமே தகுந்தவை. அரைகுறையாக இறுகியதைத் தேய்த்த தூசு மூக்கில் போகாதபடி நல்ல முகமூடி வேண்டும். சாதாரணக் கைக்குட்டை போதாது.

220 வரை தேய்த்த படகு பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிக் கிடக்கும். இதையே இன்னும் நயமான தாள்களால் தேய்த்துப் பாலீஷ் போட்டு மின்னவைக்க முடியாதா என்றால், முடியும், ஆனால் வீண். சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் எபாக்சிக்கு ஜன்ம சத்துரு. வெயிலில் அது மஞ்சளித்து, சுண்ணாம்பாய் வெளிறி, நாளடைவில் துணியை விட்டே பிரியும். ஆகவே கடைசிப் பளபளப்பு வார்னிஷின் பொறுப்பு. எபாக்சி அதற்குப் போட்டுவைத்த தளம் மாத்திரமே. ஊதாக்கதிரைத் தடுக்கும் சரக்குக் கலந்த படகு வார்னிஷை, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, குறைந்தது மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே நயமான தாளால் இலேசாகத் தேய்த்து ஏற்றுகிறார்கள். சில எண்ணெய் வார்னிஷ்கள் சில எபாக்சிகளின்மேல் நாள்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருப்பதுண்டு; அதனால் விவேகமுள்ளவன் ஒரு துண்டுப் பலகையில் பரீட்சை பார்த்துக்கொண்ட பிறகே படகைத் தொடுவான். இந்த வார்னிஷும் சாசுவதம் அன்று. வெயிலில் கிடக்கிற அளவைப் பொறுத்து ஓரிரு வருஷத்துக்கொருமுறை மேலாகத் தேய்த்துப் புதுப்பித்தாக வேண்டும்.

உட்புறத்துக்கு இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. குழிவான பரப்பில் நீளப்பலகை ஓடாது. வளைந்த தகட்டால் சுரண்டியும் கையால் தேய்த்தும்தான் பார்க்க வேண்டும். நல்லவேளையாக, அனுபவஸ்தர்கள் உள்ளே நெசவை முழுசாக நிரப்புவதே இல்லை. ஒரு பூச்சோடு நிறுத்திக்கொண்டு, துணியின் சொரசொரப்பு இலேசாகத் தெரியும்படி விட்டுவிடுகிறார்கள்; எடையும் மிச்சம், நனைந்த கால் வைத்து ஏறும்போது வழுக்குவதும் இல்லை. வார்னிஷிலும் அங்கே மினுங்காத மங்கல் வகையையே பூசுகிறார்கள். நடுப்பகலில் ஏரியின் நடுவே துடுப்புப் போடுகிறவனுக்கு, தண்ணீரிலிருந்து வரும் கூச்சமே போதும்.